டோர் பேட் பிரியர்

சென்னையில் எந்த அடுக்ககத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரைப் பார்க்கலாம். லுங்கி, பனியன், திறந்த கார்க்கதவு, அதன் முன்னால் ஒரு முக்காலி. கதவுக்குள் ‘கிடுகிடு’ என்று ஏதோ சத்தம் வருகிறதாம். வேறு யாருக்கும் கேட்பதில்லை. மனைவிக்குக் கேட்டிருக்கலாம், ஒப்புக்கொண்டால் டார்ச் பிடிக்கக் கூப்பிடுவார் என்று அவரும் வாய் திறப்பதில்லை.

“மெக்கானிக்கிட்ட விடச் சொல்றீங்களா? ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவான் சார். கதவோட உள்பக்க பேட்ல தழும்பு விழும், கிளிப் பாதி உடையும். மீதிய வெச்சு ஒரு குத்து குத்திட்டு ‘ஆச்சு சார்’னுவான்.”

அபாண்டம் என்று சொல்லிவிட முடியாது.

இவர் நெம்புவது பிளாஸ்டிக் பட்டையால். அதற்கும் முன்னால் அரைமணி நேரம் ஸ்க்ரூ வேட்டை. கைப்பிடிக் குழியில் ரப்பருக்கு அடியில் ஒன்று, உள் ஹேண்டிலின் குட்டி மூடிக்குப் பின்னால் ஒன்று. கழற்றியவை எல்லாம் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போய் உட்காரும். எந்தக் குழி எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் சாயங்காலம் இட்லி என்பது மட்டும் தெரியாது.

பிறகு பேடின் அடி ஓரத்தில் விரலை விட்டுத் துழாவுவார். கிளிப் இருக்கும் இடம் தட்டுப்பட்டதும் அதை ஒட்டியே பட்டையைக் கொடுத்து, நேராகத் தன் பக்கம் இழுப்பார். ‘டப்’. உடையாமல் வந்த ஒவ்வொரு டப்புக்கும் நிமிர்ந்து பார்ப்பார், யாராவது கவனித்தார்களா என்று. பெற்ற பிள்ளையின் காதைப் பிடித்தபோதுகூட இந்தப் பதம் பார்த்தவரில்லை. சென்னை வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்த கிளிப் எப்படியும் ஒன்றிரண்டு போகும். புதுப்பேட்டையில் வாங்கிய உபரிப் பொட்டலம் லுங்கி மடிப்பில் தயார். கடைசியில் பேடை மேலே தூக்கிக் கண்ணாடி ஓரத்திலிருந்து விடுவித்து, ஒயர் கப்ளரையும் ஹேண்டில் கேபிளையும் கழற்றுவார்.

“மாருதி 800-ல இந்த ஒயரெல்லாம் ஏது சார்? கண்ணாடி சுத்துற ஹேண்டிலுக்குப் பின்னால துணியை விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுற மாதிரி இப்படி அப்படி இழுத்தா லாக் தெறிச்சு வந்துடும்.” எங்கே தெறிக்கும் என்பதைச் சொல்லமாட்டார். லாக்கைத் தேடிப் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கடியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அது தெரியும்.

கதவோடு நிற்காமல் முன்கண்ணாடித் தூணின் உறையிலும் கை வைக்கப் போவார். அதில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருந்தால் மட்டும் வீரம் அடங்கிவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றணும், கொஞ்ச நேரம் காத்திருக்கணும், அது கம்பெனி ஆள் வேலை என்று நகர்ந்துவிடுவார். அந்த ஒரு பயம் இருக்கும் வரை குடும்பத்துக்கு ஆபத்தில்லை.

இந்த ஞாயிறு, கதவு பேடுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளையும் கிழியாமல் உரித்து, உள்ளே கையை விட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. கிளிப்புகளை முதலில் பேடில் செருகி, துளைக்கு நேராக வைத்து ஒவ்வொன்றாக அமுக்கினார். கதவைச் சாத்தினால் சத்தமும் இல்லை. முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடிக்காரர் பால் பாக்கெட்டோடு வந்தார்.

“சார், ஒரு நிமிஷம். நேத்து உங்க வண்டி உள்ள வந்தப்ப பின் கதவுல ஒரு சத்தம் கேட்டுச்சே, கவனிச்சீங்களா?”