ஓமவல்லியில் பிளாஸ்டிக் கண்டுபிடித்தவன்

வேதியியலில் தோற்க ஆய்வகம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பழைய குக்கர், மீன்தொட்டிக்குப் போடும் ட்யூப், மொட்டைமாடி, கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் போதும். குக்கர் அம்மாவுடையது, மாடி வீட்டுக்காரருடையது, ட்யூப் நண்பன் வீட்டுத் தொட்டியிலிருந்து கழற்றியது. தலைக்கனம் மட்டும் சொந்தம்.

ஆசை தொற்றிய இடம் பாண்டிச்சேரியின் ஒயிட் டவுன். எங்கள் வைத்திக்குப்பத்திலிருந்து தெற்கே கொஞ்சதூரம் நடந்தாலே அந்தக் கடைகள் வந்துவிடும். லாவெண்டர், தைம், ரோஸ்மேரி, ஓரிகானோ என்று எழுதிய பத்து மில்லி பழுப்புக் குப்பிகள். எல்லாம் மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைக்கிற செடிகள். விலையைப் பார்த்ததும், ‘நமக்கும் கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, இதை ஏன் அங்கிருந்து வரவழைக்க வேண்டும்?’ என்று தோன்றியது. விதைகளைத் தபாலில் வரவழைத்தேன்.

கடல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்ததுதான் முதல் கோணல். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். இங்கே கோடையிலும் ஈரக்காற்று. பற்றாததற்கு நான் வேறு காலையும் மாலையும் பாசத்தோடு தண்ணீர் ஊற்றினேன். முளைத்த லாவெண்டர் நாற்றுகளெல்லாம் தண்டு அழுகிச் சாய்ந்தன. காலித் தொட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்ட எதிர்வீட்டு அக்கா ஓர் ஓமவல்லிக் குச்சியை ஒடித்துக் கொடுத்தார். வேண்டாவெறுப்பாக நட்டுவைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது புதராக மண்டியது.

அடுத்தது ரோஸ்மேரி. முடி கொட்டுகிறது, வாங்கி வா என்று வீட்டில் உத்தரவு. வாங்கிவந்து மூடியைத் திறந்தால் ஊட்டியில் விற்கிற நீலகிரித் தைல வாசனை. விடுவேனா? கடைக்குப் போய், கல்லாப்பெட்டி முன்னால் நின்றவர்களையெல்லாம் சாட்சிக்கு அழைத்து, “யூகலிப்டஸைக் கலந்து விற்கிறீங்களே, நியாயமா?” என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே இந்த வெற்றியை நண்பனிடம் அளந்தேன். கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பவன். முழுக்கக் கேட்டுவிட்டு, “குப்பியில எந்த நாடுன்னு போட்டிருந்தது?” என்றான்.

“மொராக்கோ.”

“அப்ப அது அசல்டா. நீதான் டூப்ளிகேட்.”

நீலகிரித் தைலத்தின் வாசனைக்கு முக்கியக் காரணம் சினியோல் என்ற பொருள். மொராக்கோ, துனிசியா ரோஸ்மேரியிலும் அதுதான் முதலிடம். ஸ்பெயின் ரோஸ்மேரியில் கற்பூரமும் ஆல்ஃபா பைனீனும் தூக்கலாக இருக்கும். கோர்சிகாத் தீவின் செடியில் வெர்பினோன் என்ற வேறொன்று தலைகாட்டும். இலையைப் பார்த்தால் ஒரே செடி. காய்ச்சி வடித்தால் வேறு வேறு எண்ணெய். ரோஸ்மேரி எண்ணெய்க்கான சர்வதேசத் தர நிர்ணயமே மொராக்கோ–துனிசியா வகை, ஸ்பெயின் வகை என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறது. எனக்கு அது தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், என்னிடம் சொல்லி என்ன பயன் என்று விட்டிருப்பார். அந்தத் தெருவில் போக நேர்ந்தால் இப்போதும் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன்.

தைம் கதை இன்னும் மோசம். பிரான்ஸில் மோன்பெல்லியே நகருக்குப் பக்கத்தில் சேன்-மர்த்தேன்-தெ-லோந்த்ர் என்று ஓர் ஊர். அந்த வட்டாரத்துக் காட்டுத் தைமை 1970களில் ஆராய்ந்து பார்த்தவர்கள் ஆறு வகை எண்ணெய்களைக் கண்டார்கள். வெயில் காயும் சரிவுகளில் தைமாலும் கார்வக்ராலும் உள்ள காரமான செடிகள். குளிர்காலத்தில் உறைபனி தேங்கும் பள்ளத்தில் லினலூல், ஜெரானியால் போன்ற மென்மையான வாசனைச் செடிகள். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். கடுங்குளிர் குறைந்தபின் காரவகைச் செடிகள் முன்பு இல்லாத இடங்களிலும் கால்வைத்துவிட்டன என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிரீஸில் கோடையில் பறித்த ஓரிகானோவில் கார்வக்ரால் கொடிகட்டிப் பறக்கும். அதே இடத்தில் இலையுதிர்காலக் கடைசியில் பறித்தால் பாரா-சைமீன் முந்திக்கொள்ளும். நானோ குப்பியில் ‘தைம்’ என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று நம்பியவன்.

“கார்வக்ரால்தானே வேணும்? உன் தொட்டியில மண்டிக் கிடக்கே, அதுல பாரு” என்றான் நண்பன். ஓமவல்லி எண்ணெயிலும் பெரும்பாலும் கார்வக்ராலோ தைமாலோதான் தலைமை. ஓமத்தின் வாசனையும் தைமால்தான். தைமால், கார்வக்ரால் இரண்டிலும் உள்ள அணுக்கள் எண்ணிக்கையில்கூட ஒன்றே: கார்பன் 10, ஹைட்ரஜன் 14, ஆக்சிஜன் 1. ஓர் ஆக்சிஜன் எந்த முனையில் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தைமால் நம் வெயிலிலும் படிகமாக இருக்கும். உருக 50 டிகிரி வேண்டும். கார்வக்ரால் சாதாரணமாகவே எண்ணெய். 1719இல் ஜெர்மானியர் காஸ்பர் நாய்மன் தைம் செடியிலிருந்து தைமாலைப் பிரித்தார். ஆனால் முதல் உலகப்போருக்கு முன்னால் ஜெர்மன் ஆலைகள் தைமால் எடுக்க இந்திய ஓமத்தைத்தான் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்தன. அவர்களுக்குத் தெரிந்தது, ஓம வாட்டர் குடித்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

உடனே குக்கரை மாடிக்கு ஏற்றினேன். வெயிட் போடுகிற மூக்கில் ட்யூபைச் செருகி, சுருட்டி, ஐஸ் பெட்டிக்குள் விட்டு, மறுமுனையைப் பாட்டிலில் வைத்தேன். எங்கள் குப்பத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது மீனோடு கிடந்த ஐஸ், உருகி வழியும் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. குக்கரிலிருந்து ஆவி கிளம்பியதும் எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்தார்.

“என்னா தம்பி, சாராயமா காய்ச்சுற?”

“இல்லக்கா, ஓமவல்லி எண்ணெய்.”

“அதானே பார்த்தேன். பாண்டிச்சேரில போயி எவனாச்சும் சாராயம் காய்ச்சுவானா? கடைதான் இருக்குதே.”

கூடை கூடையாக இலை போட்டும் பாட்டிலில் சேர்ந்தது வாசனைத் தண்ணீர். மேலே எண்ணெய் என்று சொல்லத்தக்கது கண்ணீரில் மை கரைந்த மாதிரி ஒரு மினுக்கம். பச்சை ஓமவல்லி இலை பெரும்பங்கு தண்ணீர்; கிலோவுக்கு ஒரு கிராம் தேறினாலே பெரிது என்று பிறகுதான் சொன்னார்கள். பாட்டிலை முகர்ந்தால் முதலில் ஓமம், பின்னாலேயே மத்தி.

அதையும் பெருமையாக நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் அதிலிருந்த எண்ணெயைக் கரைப்பானில் பிரித்து, தெரிந்த ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் கருவிக்குள் செலுத்தினான். உள்ளே 30 மீட்டர் நீளக் குழாய் சுருண்டிருக்கும். உள்விட்டம் கால் மில்லிமீட்டர். கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளும் அதற்குள் தனித்தனி வேகத்தில் நகர்ந்து, தனித்தனி நேரத்தில் வெளியே வந்து, திரையில் ஒவ்வொரு முகடாக எழும். காமா-டெர்பினீன், பாரா-சைமீன், அப்புறம் கார்வக்ரால் என்று நண்பன் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போனான். கடைசியில், எல்லாம் ஓய்ந்தபிறகு, ஒற்றை முகடு ஒன்று கோபுரமாக நின்றது.

“இது ஓமவல்லியில யாரும் சொல்லாத பொருள்” என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊர்ப்பெயரை வைக்கலாமா, என் பெயரையா என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

“தாலேட்டு. பிளாஸ்டிக்கை வளைய வைக்கப் போடறது. ட்யூபைக் கொதிக்கிற ஆவியில வேகவெச்சிருக்க.”

ஒரே ஆறுதல், இந்தப் பள்ளத்தில் விழுந்தவன் நான் மட்டுமில்லை. பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த தாலேட்டைச் செடியின் சொந்தச் சரக்கு என்று அச்சேற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் உண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகாவது வாயை மூடியிருக்கலாம். மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தொடங்கிச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும். கடற்கரையே கற்பூரப் புகை. வந்திருந்த சொந்தக்காரர்களிடம், “இதெல்லாம் மரத்துலேர்ந்து இயற்கையா எடுக்கிற கற்பூரம்” என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கற்பூரக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற சித்தப்பா குறுக்கிட்டார்: “கற்பூர மரமெல்லாம் அந்தக் காலம்பா. இப்ப பைன் மரத்து டர்ப்பன்டைனை வாங்கி ஃபேக்டரியில செய்யறது.” டர்ப்பன்டைனில் இருக்கிற பைனீனைத்தான் கற்பூரமாக மாற்றுகிறார்கள். ரோஸ்மேரிக் குப்பியில் நான் வாசனை பிடிக்கத் தவறிய அதே பைனீன்.

கடைசித் தோல்வி கழுத்தில். கொசு கடித்த இடத்தில் ஓரிகானோ எண்ணெயை அப்படியே தடவினேன். நல்ல கிரேக்கச் சரக்கில் முக்கால் பங்குக்கும் மேல் கார்வக்ரால் இருப்பதுண்டு. தோலைச் சுடும். ஒரு வாரம் காலர் வைத்த சட்டையோடு திரிந்தேன்.

ஆகவே, வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பியில் செடியின் அறிவியல் பெயர், எந்தப் பகுதி, எந்த நாடு, முக்கியப் பொருள் எது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். எதையும் தேங்காயெண்ணெயில் கலக்காமல் தோலில் தடவாதீர்கள். நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். சளிக்கு ஓமவல்லி இலை வேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு வாருங்கள், எதிர்வீட்டு அக்கா சும்மாவே கொடுப்பார்.