கேள்வி நேரம்: கல்பாக்கத்துக் கழிவு எங்கே போகிறது?

பரங்கிப்பேட்டை வாசகர்: கல்பாக்கம் அணு உலைக் கழிவையெல்லாம் கடலில் கொட்டுகிறார்களாமே?

எரிந்து முடிந்த எரிபொருளை யாரும் கடலில் கொட்டுவதில்லை. கதிரியக்கம் மிகக் குறைந்த கழிவுநீரைத்தான் சுத்திகரித்து, அனுமதித்த அளவுக்குள் கடலில் விடுகிறார்கள்.

எரிபொருளின் கதை வேறு. அரை மீட்டர் நீளம், உள்ளே 19 மெல்லிய குழாய்கள்: ஒரு கட்டு அவ்வளவுதான். உலையிலிருந்து வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்து, சூடு தணிய ஆண்டுக்கணக்கில் அங்கேயே வைப்பார்கள். பிறகு 1998-இல் அங்கே தொடங்கிய மறுசுழற்சி ஆலையில் துண்டு துண்டாக வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பார்கள்.

புவனகிரி வாசகர்: பரங்கிப்பேட்டை நண்டா, நாகப்பட்டினம் நண்டா?

பரங்கிப்பேட்டை. மேல்முறையீடு கிடையாது.

கடலூர் வாசகர்: அணுக்கழிவை ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனுக்கு அனுப்பிவிட்டால் என்ன?

1979-இல் நம் எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதல் முறை கிளம்பியபோது வங்கக் கடலில்தான் விழுந்தது. பரங்கிப்பேட்டைக்காரர்கள் வலை வீசுவதும் அதே கடலில்தான்.

சிதம்பரம் கல்லூரி மாணவி: மறுசுழற்சி செய்துவிட்டால் கழிவுப் பிரச்சினை தீர்ந்ததா?

தீராது. பிரித்தது போக எஞ்சும் திரவத்தில் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை இருக்கும். அவை பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலன்களில் அடைத்துக் காக்க வேண்டும். பிரித்த புளூட்டோனியம் பாதியாகக் குறையவோ 24,000 ஆண்டுகள். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்கு அதுதான் தீனி. 1974-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனையில் வெடித்ததும் அதுதான். அந்தப் பயத்தில்தான் 1977-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தம் நாட்டில் மறுசுழற்சியை நிறுத்திவைத்தார். பிரான்ஸ் நிறுத்தவில்லை.

யுரேனியம் அதிகம் இல்லாத இந்தியா மறுசுழற்சி செய்வது சரியே. ஆனால் கடைசியில் புதைக்க ஓர் இடம் வேண்டும். பின்லாந்து 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள் குடைந்து வைத்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஓர் இடம் இன்னும் இல்லை.

விருத்தாசலம் வாசகர்: மூடிய தங்கச் சுரங்கம் இருக்கிறதே?

2012-இல் கூடங்குளம் அணு உலை வழக்கில் கோலார் தங்கவயல் பெயர் அடிபட்டது. தமிழர்கள் நிறைந்த அந்த ஊர் கொதித்தெழுந்ததும், அப்படித் திட்டமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுரங்கத்தில் உயிரைக் கொடுத்து உழைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேசியது பெரிய பிழை.

கூடங்குளத்திலும் அதே கதைதான். 1988 ஒப்பந்தப்படி ரஷ்யாவுக்குத் திரும்ப வேண்டிய எரிபொருள், 1998-இல் செய்த மாற்றத்தால் இங்கேயே தங்குகிறது. அதை உலைக்கு வெளியே சேமிக்கும் வசதியை 5 ஆண்டுகளில் கட்டச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அவகாசம் 2022 வரை நீண்டது. அதற்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

இனி எங்கே கூட்டம் போட்டாலும், முழு அறிக்கையையும் தமிழில் அச்சிட்டு, ஒரு மாதம் முன்பே ஊர் மக்கள் கையில் கொடுங்கள். படித்துவிட்டு வந்து கேட்பார்கள், பதில் சொல்லுங்கள்.