மொட்டை மாடி பிசிக்ஸ் சார்

பிசிக்ஸ் சாருக்கு மேலதிகாரி கிடையாது. பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. சார் சட்டத்தை மதிக்கிறவர். ஆகவே பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டார். இப்போது ஹெட்மாஸ்டர் இல்லை, பிரேயர் இல்லை, இன்ஸ்பெக்‌ஷன் இல்லை. பதிலுக்கு நாற்பது அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அவர் வீட்டுக்கு வழி கேட்கவே வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு எந்த வாசலில் கல்யாண வீடு மாதிரி செருப்பு குவிந்திருக்கிறதோ, அதுதான். பக்கத்து வீட்டு கேட்டை மறித்துச் சைக்கிள்கள் நிற்கும். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, நாலு பெஞ்ச், வெள்ளைப் பலகை, உயிர் போகிற நிலையில் ஒரு மார்க்கர். வெப்பம் பரவும் விதங்களை நடத்த வேறு உபகரணம் தேவையில்லை. ஏப்ரல் மாதம் அந்தக் கூரையே போதும்.

சாருக்கு இயற்கையின் விதிகளைவிட வினாத்தாளின் விதிகள் அத்துப்படி. பிளஸ் டூ எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. உலகம் அணுக்களால் ஆனது என்பது டால்டன் கட்சி. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து மார்க்குகளால் ஆனது என்பது சார் கட்சி. வான் டி கிராப் மின்னியற்றியை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அது எந்த மார்ச்சில் வந்தது, எந்தத் துணைத் தேர்வில் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

“கணக்கு வரலைன்னு விட்டுடாதடா. ஃபார்முலாவை எழுது, அதுக்கு மார்க் உண்டு. அலகு போடாம வந்தவன் இந்த மாடிப்படி ஏறக் கூடாது!”

இந்த உபதேசம் செல்லாத ஒரே இடம் நீட். அங்கே ஃபார்முலாவுக்கு மார்க் இல்லை. தப்பான விடையைக் கறுப்பாக்கினால் ஒன்று கழியும். “எழுதாததுக்குக் குறைச்சா நியாயம். எழுதினதுக்குக் குறைக்கிறானே!” என்று சார் வருத்தப்படுவார்.

ஃபிளெமிங்கின் இடக்கை விதி நடத்தும் நாளில் கொட்டகையே விரலை முறுக்கிக்கொண்டு நிற்கும். சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. வடாம் காயப்போட வந்த பக்கத்து மாடிப் பாட்டி எட்டிப் பார்த்து, “ஏன் தம்பி, டான்ஸ் கிளாஸும் சேர்த்தாச்சா?” என்பார்.

ஃபீஸ் கட்ட வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: “பையன் எப்படி சார் படிக்கிறான்?” பதிலும் ஒன்றே: “மூளை இருக்கும்மா, எழுதிப் பார்க்க மாட்டேங்கிறான்.” முதல் பாதியை எந்த அம்மாவும் மறுத்ததில்லை; இரண்டாம் பாதியை எந்த அப்பாவும் மறுத்ததில்லை.

மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. சென்டம் வாங்கிய பெண்ணின் படம் பள்ளிக்கூட ஃபிளெக்ஸில் சிரிக்கும், சார் ஃபிளெக்ஸில் சிரிக்கும், அவளைப் பத்து நாள் கிராஷ் கோர்ஸில் மட்டும் பார்த்த எதிர்த்தெரு மாஸ்டரின் ஃபிளெக்ஸிலும் சிரிக்கும். ஒரே துகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்குமா என்று குவாண்டம் இயற்பியலைச் சந்தேகிப்பவர்கள் மே மாதம் எங்கள் பஜாருக்கு வரலாம்.

இவ்வளவு கணக்காக இருப்பவரைக் கவிழ்க்க ஒரு கேள்வி போதும். கடைசி பெஞ்ச் பையன் கேட்டான்: “சார், ஃபேனை ஒண்ணுல வச்சா கரண்ட் பில் குறையுமா?”

ஒன் மார்க்கிலும் வராது, ஃபைவ் மார்க்கிலும் வராது. ஆனால் சாரின் முகம் மாறிவிட்டது. கீழே ஓடினார். மெயினை அணைத்தார். கூடத்துச் சுவரிலிருந்த பழைய பெட்டி ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, “தொட்டுப் பாருடா, சுடுதா?” என்றார். சுட்டது. “இது ஃபேனோட தொடர்ல ஒரு மின்தடையைச் சேர்க்குது. வேகம் குறையும். ஆனா மிச்சமாக வேண்டியதுல ஒரு பங்கை இதுவே சூடாக்கி வீணடிச்சிடும். புது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படியில்லை, ஏ.சி. அலையில ஒரு துண்டை வெட்டிடுது. அதுல பில் நிஜமாவே குறையும்.” நாற்பது தலைகள் அந்தச் சுருள்கம்பி மேல் கவிழ்ந்தன. யாரும் மார்க் கேட்கவில்லை. சாரும் மணி பார்க்கவில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்ட எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அன்று மாலையே போன் வந்தது. “சார், ஃபேனைக் கழட்டிப் பாடம் எடுக்கறீங்களாமே? போர்ஷன் முடிச்சாச்சா?”

சார் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “எப்பவோ முடிச்சாச்சும்மா. இது ரிவிஷன்.”