இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும், அக்கா?

இந்த வாரம் முழுக்க என் கைபேசிக்கு ஒரே படம்தான் வந்துகொண்டிருக்கிறது. ரத்தச் சிவப்பில் சாயம் ஏற்றிய ஊதுபத்திக் குச்சிகள் கட்டுக்கட்டாக விரிந்து கிடக்கின்றன. நடுவில் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு யாரோ ஒரு சித்தப்பா. மறுநாள் அதே குச்சிகள், அதே தொப்பி, வேறொரு சித்தப்பா. ஹனோய்க்குத் தெற்கே இருக்கும் குவாங் ஃபூ காவ் என்கிற ஊர் அது. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் விட்டாலும் விட்டார்கள், நம்மவர்களுக்கு வியட்நாம் கொடைக்கானலுக்கு அடுத்த ஊராகிவிட்டது. படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு வரி: ‘பாரம்பரியக் கைவினைக் கிராமத்தில் ஒரு நாள்’. அந்த ஒரு நாளில் போக வர வேன், மதியச் சாப்பாடு, கழிப்பறை தேடிய நேரம், கடைசியில் கட்டாயமாக இறக்கிவிடப்படும் கடை எல்லாம் அடக்கம். கைவினைக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபமில்லை, அவரவர் காசு. ஆனால் திரும்பி வந்த சூட்டோடு எங்களைப் பார்த்து, ‘உங்க அந்தமான்ல இப்படி ஒரு கிராமம்கூட இல்லையா?’ என்று கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. சாத்தம் ஜெட்டியில் ஃபெரி ஏறி எங்கள் பாம்பூஃப்ளாட்டில் வந்து இறங்குகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இல்லை. இல்லாததே நல்லது என்பது என் கட்சி.

ஒருநாள் பயணத்தில் கைவினை தெரியாது; இருபது நிமிடத்துக்குள் அடங்குகிற கைவினை மட்டும்தான் தெரியும். ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கினால் பூ வந்துவிடும். சில நிமிட வேலை. ‘ஆஹா’ என்று சொல்லி முடிப்பதற்குள் வீடியோவும் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கல் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறுவதும், வெயிலில் காய்வதும் யார் வீடியோவிலும் கிடையாது. இனி பத்தமடைக்கு வாருங்கள். கோரையை அறுத்து, கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் காய்ச்சி ஏற்றி, பாவு நூலுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். மிக மெல்லிய பாய் என்றால் மாதக்கணக்கு. உங்கள் இருபது நிமிடத்தில் பார்க்கக் கிடைப்பது ஓர் அம்மா குனிந்திருப்பது. பாய் வளர்ந்ததா, இல்லை அப்படியேதான் இருக்கிறதா என்று இரண்டு பேர் பந்தயம் கட்டலாம். சுவாமிமலையும் அதே கதைதான். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து, பிறகு உளியோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். இதில் படத்துக்கு லாயக்கானது உலோகம் ஊற்றுகிற அந்தச் சில நிமிடங்கள். அதுவும் வேன் வருகிற நேரம் பார்த்து நடப்பதில்லை. ஆக, பயண அட்டவணையில் எந்தத் தொழில் ஏறும், எது ஏறாது என்பதைத் தொழிலின் அருமை தீர்மானிக்கவில்லை, சுழல்கிற சாமான் ஏதாவது அதில் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. சக்கரம் இருந்தால் பிழைத்தது. ஹனோய்க்குப் பக்கத்தில் நூற்றாண்டுகளாகப் பீங்கான் செய்துவரும் பாட் ட்ராங் ஊரில், வருகிறவர்கள் தாமே உட்கார்ந்து களிமண்ணைக் குழப்பிக்கொள்ளத் தனிச் சக்கரங்களே போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைப் புரிந்துவிட்டது.

 இப்போது தலைப்பில் இருக்கும் கேள்வியைத் தீர்த்துவிட வேண்டும். ‘இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும், அக்கா?’ வேனிலிருந்து இறங்குகிற அத்தனை பேருக்கும் முதலில் வாயில் வருவது இதுதான். நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன், வேறென்ன கேட்பது? ஆனால் இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. ஒரு மணி நேரம் என்று அக்கா சொன்னால், ‘ஒரு மணி நேர வேலைக்கா எண்ணூறு ரூபாய்?’ என்று முகம் சுருங்கும். ஒரு நாள் என்றால் மனத்துக்குள் கொத்தனார் கூலியோடு ஒப்பிட்டு ஒரு வகுத்தல் கணக்கு ஓடும். ஒரு மாதம் என்றால் ‘அடேயப்பா!’ உடனே மனைவியைக் கூப்பிட்டு, ‘ஒரு மாசமாம், கேட்டியா?’ மனைவி பிள்ளையிடம், ‘ஒரு மாசமாம்டா.’ பிள்ளை, ‘அம்மா, பசிக்குது.’ இப்படி இரண்டு தலைமுறை வியந்து முடித்த மறுகணம், ‘ஐந்நூறுக்குத் தருவீங்களா?’ ஒரு மாத உழைப்பென்று உருகியவரும் அதில் முந்நூறைக் குறைக்கச் சொன்னவரும் ஒரே ஆள். நடுவில் மூச்சுகூட விட்டிருக்க மாட்டார். மூன்று மாதம் என்றால் நம்பமாட்டார், பின்கட்டில் மெஷின் ஓடுகிறதா என்று எட்டிப்பார்ப்பார். ‘தெரியலை சார், கணக்கு வச்சதில்லை. நாலு பாய் ஒண்ணா ஓடுது, நடுவுல மழை, பொண்ணுக்குப் பரீட்சை’ என்று உண்மையைச் சொல்லிவிட்டாலோ, இவர் அசல் கைவினைஞர்தானா என்றே சந்தேகம் வந்துவிடும். அதனால் இந்த அக்காமார் எல்லாரும் ஒரு எண்ணைத் தயாராக வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். இருபது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியப்பதற்குப் போதும், சந்தேகப்படப் போதாது. பல் டாக்டரிடம் யாராவது நிமிடத்தால் வகுத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார்களா? சரி, அது போகட்டும். அடுத்தது, ‘எத்தனை தலைமுறையா செய்றீங்க?’ ஐந்து என்றால் செல்ஃபி உண்டு. போன வருஷம் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டேன் என்றால் கிடையாது, பாய் இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும். அடுத்தது, ‘பசங்க இதைச் செய்றாங்களா?’ மகன் கோயம்புத்தூரில் ஐ.டி.யில் இருக்கிறான் என்று அக்கா சற்றுப் பெருமையோடு சொன்னால், கேட்டவர் முகம் வாடிவிடும். ‘இப்படித்தாங்க எல்லாம் அழிஞ்சு போகுது.’ கேட்டவருடைய மகனும் கோயம்புத்தூரில் ஐ.டி.தான். அவருடைய தாத்தா ஏர் ஓட்டியவர். அந்தத் தொழில் மூன்றாம் தலைமுறையில் விட்டுப்போனதே என்று துக்கம் விசாரிக்க அவர் வீட்டு வாசலில் எந்த வேனும் வந்து நின்றதில்லை. இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இல்லை, இன்னும் ஒன்று பாக்கி: ‘நானும் ஒரு தடவை செஞ்சு பார்க்கட்டுமா?’ அக்கா எழுந்து இடம் தருகிறார். வந்தவர் இழையைக் கோணலாக இழுக்கிறார், படம் எடுத்துக்கொள்கிறார், எழுந்து போகிறார். அக்கா உட்கார்ந்து அந்த இழையைப் பிரித்தெடுக்கிறார். இந்தப் பிரித்தெடுக்கிற நேரம் அந்த இருபது நாளில் சேர்த்தியா, வெளியிலா? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

‘எல்லாம் சரி, அந்த வேனும் போகாவிட்டால் அக்காவுக்கு யார் சோறு போடுவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நையாண்டி செய்து தப்பிக்க முடியாது. குவாங் ஃபூ காவில் படமெடுக்கக் கட்டணம் வாங்குகிறார்கள். வாங்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு தொழில் எதனால் நிற்கிறது, எதனால் சாய்கிறது என்பதைப் பார்வையாளர் வருகைப் பதிவேட்டில் தேடக்கூடாது. நம் ஊர் ஊதுபத்திக்கான மூங்கில் குச்சி பெருமளவில் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக்கியது. நம் மூங்கில்காரர்களுக்கு நல்லதென்று செய்ததுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அப்படி ஓர் உத்தரவு கிளப்புகிற சரக்கையும் நிறுத்துகிற சரக்கையும், எத்தனை சித்தப்பாக்கள் எத்தனை தொப்பி போட்டு நின்றாலும் ஈடுகட்ட முடியாது. சுவாமிமலையையே பாருங்கள். 2023இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜர் அங்கே செய்ததுதான். எடை சுமார் 18 டன். வேனில் வந்த யாரோ பிடித்துப்போய், இரண்டு சாவிக்கொத்தோடு சேர்த்துப் பேரம் பேசி வாங்கிப்போனதல்ல அது. ஆர்டர் வந்தது, செய்தார்கள். ஆத்தங்குடிக் கல்லும் வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு வாங்குவதால்தான் ஓடுகிறது. சுற்றுலாக்காரர் ஒரே ஒரு கல் வாங்கிப்போய்த் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிறார். ஒரு வீட்டுக் கூடத்துக்கு எத்தனை கல் வேண்டும் என்று கொத்தனாரைக் கேட்டுப்பாருங்கள்.

பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்வார்களே என்பது அடுத்த வாதம். என்ன தெரிந்துகொள்வார்கள்? நெசவாளி என்பவர் நாம் போனதும் தறியை ஆட்டத் தொடங்குவார், நாம் கிளம்பியதும் நிறுத்திவிடுவார் என்பது. குளிர்பதனப் பெட்டியின் விளக்கைப் பற்றியும் அவர்களுக்கு இதே மாதிரி ஓர் எண்ணம் உண்டு.

இனி எங்கள் தீவுகளுக்கு வருகிறேன். கைவினை ஊர் என்று இங்கே மார்தட்டிச் சொல்லத்தக்கது நிக்கோபாரில் இருக்கும் சௌரா. ஒரு காலத்தில் சுற்றுப்பட்ட தீவுகளுக்கெல்லாம் மண்பானை அங்கிருந்துதான் போயிற்று. இத்தனைக்கும் சௌராவில் பானைக்கு ஏற்ற மண் கிடையாது. பக்கத்துத் தெரெசா தீவிலிருந்து படகில் மண் கொண்டுவந்து, சக்கரமே இல்லாமல் பெண்கள் கையால் வனைந்தார்கள். சக்கரம் இல்லை என்றதும் பயண ஏற்பாட்டாளர்கள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். மீதிப் பேரை 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பார்த்துக்கொள்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியாள் அங்கே கால்வைக்க முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பெரிய நோக்கங்கள் இருக்கின்றன. ‘எத்தனை நாள் ஆகும், அக்கா?’ அங்கே ஒலிக்காதது அதில் கிடைத்த உபரி. எங்கள் அந்தமான் பக்கத்தில் மிஞ்சுவது சிப்பிச் சாமானும் படாக் மரச் சாமானும். பெருஞ்சிப்பி வகைகள் சில 2001இலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைக்குள் போய்விட்டன. 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எதைக் கையிலெடுத்தாலும் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிற ஊரில் கைவினைக் கிராமம் போட்டு, அதற்கு வளைவு கட்டி, ‘நல்வரவு’ எழுதி, ஒரு சக்கரத்தையும் வாங்கிப்போட வேண்டும் என்றால், அதைச் சுற்றுவதற்கு ஆளையும் மெயின்லேண்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

வேலை நடக்கிற இடத்தை வேலை நடக்கிறபடியே பார்க்க வேண்டும் என்றால் அக்கரையில் சாத்தம் மரஅறுவை ஆலை இருக்கிறது. 1883இல் வெள்ளைக்காரர்கள் போட்டது, வனத்துறை இன்னும் நடத்துகிறது. மரம் வந்தால் அறுப்பார்கள். உங்களுக்காகத் தொடங்கவும் மாட்டார்கள், நிறுத்தவும் மாட்டார்கள், ரம்பத்தை ‘ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க’ என்று நீட்டவும் மாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, போகிறவர்கள் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ‘உள்ளே ஒண்ணும் பெரிசா இல்லை’ என்று சொல்லிக்கொண்டே எங்கள் பக்கம் ஃபெரி ஏறுகிறார்கள். பழைய இருபது ரூபாய் நோட்டில் இருந்த காட்சியைப் பார்க்க மவுன்ட் ஹாரியட் போக வேண்டுமாம். அந்த மலைக்கு 2021இல் மவுன்ட் மணிப்பூர் என்று பெயர் மாறிவிட்டது, 2019இல் வந்த புது நோட்டில் எல்லோரா குகை இருக்கிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஆலை சாத்தம் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பாம்பூஃப்ளாட் ஃபெரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நுழைந்து பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள், அன்று ஆலைக்கு விடுமுறை.