தனக்குத் தானே வக்கீல்

கே: அமெரிக்காவில் போதைப்பொருள், துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றவர், வக்கீல் வைக்காமல் தானே அப்பீலில் வாதாடலாமா? (ஒரு வாசகர், தென்காசி)

ப: விசாரணையில் தாராளமாக வாதாடலாம், 1975-லேயே கிடைத்த உரிமை. அப்பீலுக்கு அரசியல் சாசனத்தில் அந்த உரிமை கிடையாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. கோர்ட் மனசு வைத்தால் உண்டு. ஃபீஸ் மிச்சம்தான், ஆனால் தோற்றால் கட்சிக்காரரோடு வக்கீலும் உள்ளே!

சட்டமும் லேசுப்பட்டதில்லை. துப்பாக்கியைக் கொடுத்துப் போதைப்பொருள் வாங்கினால், துப்பாக்கியைப் 'பயன்படுத்திய' குற்றம் என்றது 1993 தீர்ப்பு. போதைப்பொருளைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினால்? அது பயன்படுத்தியதாகாது என்றது 2007 தீர்ப்பு. இரண்டையும் சொன்னது அதே உச்ச நீதிமன்றம்தான்.