குடம் முதல் பை வரை

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, செங்கல்பட்டில் மேற்கே திரும்பினால் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். 919, 921 என்று இரண்டு தவணையாக. முதல் தடவையே எவனோ ஓட்டை கண்டுபிடித்திருப்பான்.

செலவில்லாத தேர்தல். பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் தெரியாத ஒரு பொடியனை எடுக்கச் சொல்வார்கள். வாக்காளரே இல்லை, கவர் யாருக்குக் கொடுப்பது? எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மூடிய கையைப் பற்றிச் சோழ நாட்டுக்கு அப்போதே நல்ல அனுபவம்.

சொக்கத்தங்கம் என்று சொல்லிவிட வேண்டாம். அது பிராமணர் ஊர். வேதமும், வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பொதுவாகப் பேர் குடத்துக்குள் போகும். வசதி உள்ளவனுக்கே பதவி என்பதைக் கூச்சமில்லாமல் கல்லிலேயே எழுதினார்கள். நாம் நாகரிகமானவர்கள், எழுதுவதில்லை.

இன்னொரு விதிதான் வயிற்றைக் கலக்கும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மருமகன், ஒருத்தரும் கூடாது. இதை இன்றைக்கு அமல்படுத்தினால் வேட்பாளர் பட்டியலில் நோட்டா மட்டும் மிஞ்சும். இப்போதைய சட்டம் சாது: செலவுக் கணக்குக் கொடுக்காத வேட்பாளருக்கு மூன்று வருஷத் தடை, அத்தை பையனுக்கு ஆபத்தில்லை.

பிறகு குடம் போய் ஓட்டு வந்தது. ஓட்டுக்கு விலையும் வந்தது. 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தல் தமிழுக்கு, ஓட்டுக்குப் பணம் என்ற ஒரு 'ஃபார்முலா'வைக் கொடுத்தது. 2017-இல் ஆர்.கே.நகரில் பட்டுவாடாப் புகாரால் தேர்தலே ரத்து; மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டு, பின்னால் வரும் பணத்துக்கு டோக்கன் ஆனதாகப் பேச்சு.

2024 ஏப்ரல் 6 ராத்திரி எங்கள் தாம்பரத்துக்கும் சரித்திரத்தில் இடம் கிடைத்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று பேர், பைகளில் ஏறக்குறைய 4 கோடி. மக்களவைத் தொகுதிக்கு வேட்பாளர் செலவு வரம்பே 95 லட்சம். திருநெல்வேலி பா.ஜ.க. வேட்பாளர் நயினார் நாகேந்திரன் தன் பணமில்லை என்றார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

அதே சீசனில் கல்யாண ஜவுளி எடுக்க 50,000-க்கு மேல் கொண்டுபோன பெருங்களத்தூர்க்காரரைப் பறக்கும் படை நிறுத்தி ரசீது கேட்கும். ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறவர் இப்போது அவர் ஒருத்தர்தான்.