வாழை மேல் விழுந்த பழி

1992-இல் ஈக்வடாரில், தவுரா ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பண்ணைகளில் வனாமி இறால்கள் குளம் குளமாகச் செத்தன. வால் சிவக்கும், ஓடு மென்மையாகும். தோலுரிக்கிற நேரம் பார்த்து உயிர் போகும். குஞ்சு விட்ட ஆறு வாரத்துக்குள் கதை முடிந்தது. சில குளங்களில் பத்துக்கு ஒன்பது காலி. நோய்க்கு ஒரு பெயர் வேண்டுமே, ஆற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆறு மானநஷ்ட வழக்குப் போடாது என்கிற தைரியம்.

குற்றவாளியைத் தேடி வெகுதூரம் போகவில்லை. ஆற்றுக்கு மேலே வாழைத்தோட்டங்கள். இலையைக் கருக்கும் கருப்பு சிகடோகா நோய்க்கு விமானத்திலிருந்து பூஞ்சைக்கொல்லி தெளித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து ஆற்றில் இறங்கியது, ஆறு குளத்துக்குள் வந்தது, இறால் செத்தது. மேலே விமானம், கீழே பிணம். வேறென்ன சாட்சி வேண்டும்? நாட்டுக்கு டாலர் கொண்டுவரும் இரண்டு பெரிய மனிதர்கள், வாழைக்காரரும் இறால்காரரும், முறைத்துக்கொண்டார்கள். மருந்துக் கம்பெனிகள் மேல் வழக்குகள் பாய்ந்தன. விஞ்ஞானிகளில் சிலரும் முதலில் விஷக் கட்சியில்தான் இருந்தார்கள்.

1994-இல் அதே நோய் ஹவாயில் தலைகாட்டியது. ஈக்வடார் விமானம் என்னதான் தாராளமாகத் தெளித்தாலும் பசிபிக் கடலில் பாதிவரை தெளித்திருக்க முடியாது.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு செய்த சோதனை ரொம்ப எளிமையானது, கொஞ்சம் குரூரமானதும்கூட. செத்த இறாலை அரைத்து, வடிகட்டி, நல்ல இறாலுக்கு ஊசி போட்டார்கள். அது செத்தது. அதை அரைத்து அடுத்ததற்குப் போட்டார்கள். அதுவும் செத்தது. விஷமாக இருந்தால் கைமாறக் கைமாற நீர்த்துப்போயிருக்கும். இதுவோ தெம்பு குறையாமல் கொன்றது. பூஞ்சைக்கொல்லி குட்டி போடாது, வைரஸ் போடும். மில்லிமீட்டரை முப்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு அளவுள்ள ஆசாமி அது. 1995-இல் ஆய்வகம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வக்கீல்களுக்கு வைரஸ் தொற்றுவதில்லை.

பிறகு கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சிக்கினார்கள். கடற்காகம் செத்த இறாலைத் தின்று, அடுத்த குளத்தின் மேல் பறந்தபடி எச்சம் போட்டது. அந்த எச்சத்திலும் வைரஸ் சாகாமல் இருந்தது. குளத்து நீர்ப்பூச்சி ஒன்றின் வயிற்றிலும் அது அகப்பட்டது. உறையவைத்த இறாலிலும் பத்திரமாக இருந்தது.

ஆனால் பறவையும் பூச்சியும் பக்கத்துக் குளத்துக்குத்தான் கொண்டுபோக முடியும். 1995-இல் டெக்சாஸ், 1999-இல் தைவான் என்று அது கண்டம் தாண்டியதற்குக் காரணம், குஞ்சும் தாய் இறாலும் நாடு விட்டு நாடு போன வியாபாரம். வைரஸுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தது இறால் தொழில்தான்.